இன்ஸ்டோல் பாதியில நிண்டா, ஓஃப் பண்ண முதல் இதுகளைப் பாருங்கோ

ஓஃப் பண்ணாதேங்கோ. அதைச் சொல்லிப்போட்டுத்தான் மிச்சக் கதை. எங்கட சொந்தத்துக்குள்ள கொம்பியூட்டர் பிரச்சினை எண்டா கோல் எனக்குத்தான் வரும், வெள்ளவத்தையில இருந்து மாமி, கொட்டாஞ்சேனையில இருந்து பெரியப்பான்ட மகன், தெஹிவளையில இருந்து சித்தி, ஆர் எடுத்தாலும் கேள்வி ஒண்டுதான், "தம்பி, எண்பது வீதத்தில அரை மணித்தியாலமா நிக்குது, பிளக்கைக் கழட்டட்டோ?" கழட்டினா பாதி ஃபைல் போய் பாதி போகாமல், ரெஜிஸ்ட்ரியில (ஆர் ஆர் உள்ள இருக்கினம் எண்டு விண்டோஸ் குறிச்சு வைக்கிற கணக்குப் புத்தகம்) அரைகுறையா எழுதுப்பட்டு, பிறகு திரும்பப் போடப் போனா "ஏற்கனவே இருக்கு" எண்டும் கழட்டப் போனா "அப்பிடி ஒண்டும் இல்லையே" எண்டும் சொல்லும், ரெண்டும் கெட்டான் நிலைமை. அந்தச் சிக்கலை அவிழ்க்கத்தான் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போறது.

இன்ஸ்டோல் பண்ணேக்க திரையில நீண்டுகொண்டு போற அந்தப் பச்சைக் கோடு இருக்கே, அதை நம்பிறதை முதல்ல விடுங்கோ. அது நேரத்தைக் காட்டுற சாமான் இல்லை, செய்ய இருக்கிற வேலைகளில எத்தினை முடிஞ்சுது எண்டதை ஒரு குத்துமதிப்பாக் காட்டுது, அவ்வளவுதான். சின்ன வேலைகள் வரேக்க ஓடிப் போகும், இடையில ஒரு பெரிய வேலை வந்தா அந்த இடத்திலேயே குந்திக்கொண்டிருக்கும். காலி வீதியில பஸ்ஸில வாற மாதிரி, தெஹிவளை மட்டும் பறந்து வந்திட்டு வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால இருபது நிமிசம் அசையாமல் நிக்கும், பஸ் பழுதாப் போச்சு எண்டு இறங்கி நடக்க மாட்டம்தானே. அதே மாதிரி இங்கயும் கண்டுபிடிக்க வேண்டியது ஒண்டுதான்: உண்மையா நிண்டுட்டுதா, இல்லை ஆறுதலா ஓடுதா, ஓடாட்டி எதைப் பாத்துக்கொண்டு நிக்குது?

அதுக்கு டாஸ்க் மனேஜரைத் திறவுங்கோ, உள்ளுக்க எது எது ஓடுது எண்டு காட்டுற விண்டோ அது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூண்டையும் சேர்த்து அமத்தினா வரும், சின்னப் பெட்டியா வந்தா கீழ "மோர் டீடெயில்ஸ்" எண்டு இருக்கும், அதைத் தட்டுங்கோ. சிபியு, மெமரி, டிஸ்க், நெட்வேர்க் எண்டு நாலு பத்தி தெரியும். இப்ப ஒண்டும் செய்யாதேங்கோ, தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வந்து ஒரு பத்து நிமிசம் அதைப் பாத்துக்கொண்டு இருங்கோ. நீங்கள் போடுற சாமான்ட பேருக்கு நேர, இல்லாட்டி "விண்டோஸ் இன்ஸ்டோலர்" எண்ட பேருக்கு நேர, அந்த நாலு பத்தியில எதிலயாவது இலக்கம் மாறிக்கொண்டிருந்தா உயிர் இருக்கு, விடுங்கோ. பத்து நிமிசமும் ஒரு இலக்கமும் மாறாமல் கிடந்தா அது ஆருக்கோ, எதுக்கோ காத்துக்கொண்டு நிக்குது.

கனதரம் அது காத்துக்கொண்டு நிக்கிறது உங்களுக்குத்தான். மாமி வீட்டில நடந்தது இதுதான். பிரின்டருக்குச் சொஃப்ட்வெயார் போட்டவ, ரெண்டு மணித்தியாலமா அசையேல்லை எண்டு அழாக்குறையாக் கதைச்சா, நான் பஸ் பிடிச்சுப் போய்ப் பாத்தா பெரிய விண்டோவுக்குப் பின்னால ஒரு சின்னப் பெட்டி ஒளிச்சுக்கொண்டு நிக்குது, "இப்ப யூஎஸ்பி வயரைக் கொழுவுங்கோ" எண்டு இங்கிலிஷில எழுதி. வயர் மேசையிலதான் கிடந்தது. அதால ஓல்ட், டாப் ரெண்டையும் அமத்தி ஒளிச்ச விண்டோ ஏதும் இருக்கா எண்டு பாருங்கோ, கீழ டாஸ்க்பாரில ஏதாவது மஞ்சளா மினுங்குதா எண்டும் பாருங்கோ. "இந்த புரோகிராமை மாற்றம் செய்ய விடலாமா" எண்டு கேக்கிற பெட்டி சில நேரம் நேர முன்னுக்கு வராமல் கேடயப் படத்தோட கீழ மினுங்கிக்கொண்டு மட்டும் இருக்கும். குரோமை மூடு, வேர்டை மூடு எண்டு கேக்கிற பெட்டியும் இப்பிடித்தான் ஒளிக்கும். எல்லாத்தையும் மூடிப்போட்டு இன்ஸ்டோல் பண்ணச் சொல்லி அந்தக் காலத்தில சீடி கவரிலயே எழுதி இருக்கும், அதுக்குக் காரணம் இதுதான்.

அடுத்தது, இன்னொரு இன்ஸ்டோலுக்காகக் காத்துக்கொண்டு நிக்கிறது. விண்டோஸ் இன்ஸ்டோலர் ஒரு நேரத்தில ஒரு சாமானைத்தான் போடும், ரெண்டாவதா வாறது கியூவில நிக்கும், இல்லாட்டி 1618 எண்ட பிழை இலக்கத்தைக் காட்டிப்போட்டு நிண்டுடும். நீங்கள் வேற ஒண்டும் போடேல்லை எண்டு சத்தியம் பண்ணுவீங்கள், ஆனா பின்னால விண்டோஸ் அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும். டாஸ்க் மனேஜரில "விண்டோஸ் மொடியூல்ஸ் இன்ஸ்டோலர் வேர்க்கர்" எண்டு ஒண்டு டிஸ்க்கையும் சிபியுவையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தா அதுதான் ஆள். அதைக் கொல்லாதேங்கோ, முடிய விடுங்கோ. முடிஞ்ச பிறகு ஒருக்கா ரீஸ்டார்ட் பண்ணிப்போட்டு உங்கட சாமானைப் போடுங்கோ.

ரீஸ்டார்ட் எண்டா ரீஸ்டார்ட்தான், ஷட்டவுன் பண்ணித் திரும்பப் போடுறதில்லை. இதைச் சொன்னா ஆரும் நம்பீனம் இல்லை. விண்டோஸ் 8 வந்த காலத்தில இருந்து ஃபாஸ்ட் ஸ்டார்டப் எண்டு ஒண்டு இருக்கு, ஷட்டவுன் பண்ணேக்க உள்ளுக்க இருக்கிற முக்கியமான பகுதியை அப்பிடியே டிஸ்கில எழுதி வைச்சுப்போட்டு அடுத்த நாள் அதையே எடுத்துப் போடும், அதுதான் கெதியாத் திறக்குது. அதால பத்து நாள் ஒவ்வொரு இரவும் ஷட்டவுன் பண்ணினாலும் பழைய சிக்கல் பழைய மாதிரியே கிடக்கும். ரீஸ்டார்ட் பண்ணினாத்தான் எல்லாத்தையும் புதுசாத் தொடங்கும். எனக்கு வாற கோல்களில கனக்க இந்த ஒரு வேலையோடயே முடிஞ்சுடும், அதுக்குப் பிறகு அவையள் எனக்கு நன்றி சொல்லுறதில்லை, "அட, உதுதானோ" எண்டு சொல்லிப்போட்டு வைச்சிடுவினம்.

இனி டிஸ்க். இதைக் கொஞ்சம் விரிவாச் சொல்லோணும், ஏனெண்டா எங்கட வீடுகளில இருக்கிற பழைய லப்டொப்புகளில இதுதான் உண்மையான வில்லன். டாஸ்க் மனேஜரில டிஸ்க் 100 வீதம் எண்டு சிவப்பா நிக்கும், ஆனா பக்கத்தில பாத்தா செக்கனுக்கு ஒரு எம்பிதான் எழுதுது, ரெண்டு எம்பிதான் எழுதுது. பாக்கிறவைக்கு விசர் வரும், 100 வீதம் வேலை செய்யுதெண்டா ஏன் இவ்வளவு கொஞ்சமா எழுதுது? விசயம் என்னெண்டா பழைய ஹாட் டிஸ்குக்குள்ள சுத்துற தட்டும் அதுக்கு மேல ஓடுற ஒரு ஊசியும் இருக்கு. லப்டொப் டிஸ்க் கனக்க நிமிசத்துக்கு 5400 தரம் சுத்துறது, ஒரு சுத்துக்கு 11 மில்லிசெக்கன். ஊசி இடம் மாறிப் போக வேணும், பிறகு தட்டு சுத்தி வர வேணும், எல்லாம் சேர்த்துப் பாத்தா செக்கனுக்கு ஒரு 60 தரம் இடம் மாறலாம், அவ்வளவுதான். பெரிய படம் ஒண்டைக் கொப்பி பண்ணினா ஊசி ஒரே இடத்தில இருந்து இழுத்துக்கொண்டு போகும், செக்கனுக்கு 100 எம்பி கூடப் போகும். ஆனா இன்ஸ்டோல் எண்டா அப்பிடி இல்லை, 10,000 சின்ன ஃபைல் எண்டு வையுங்கோ, ஒவ்வொண்டுக்கும் நாலு தரம் ஊசி ஓடினாலே 40,000 ஓட்டம், அதுக்கே 11 நிமிசம் போகும். அதே நேரத்தில அன்டிவைரஸ் ஒவ்வொரு ஃபைலையும் திறந்து பாக்கும், அப்டேட் ஒரு பக்கம் எழுதும், குரோமில இருபது டாப் திறந்து கிடக்கும், 4 ஜிபி ரம் (மெமரி) காணாமல் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்கிலயே எழுதத் தொடங்கும். ஒரு ஊசி எத்தினை பேருக்குத்தான் ஓடும்?

ஆகவே ஹாட் டிஸ்க் மெஷின் எண்டா செய்ய வேண்டியது, முதல்ல ரீஸ்டார்ட் பண்ணுங்கோ, பண்ணின உடன இன்ஸ்டோலைத் தொடங்காதேங்கோ, டிஸ்க் வீதம் கீழ இறங்குமட்டும் ஒரு பத்துப் பதினைஞ்சு நிமிசம் பொறுங்கோ, வேற ஒண்டையும் திறவாமல் அதை மட்டும் போடுங்கோ. உங்கட டிஸ்க் எது எண்டு தெரியாட்டி டாஸ்க் மனேஜரில பெர்ஃபோமன்ஸ் பக்கத்துக்குப் போங்கோ, டிஸ்க் எண்ட பேருக்குக் கீழ எச்டிடி (ஹாட் டிஸ்க்) எண்டோ எஸ்எஸ்டி (தட்டும் ஊசியும் இல்லாத புது வகை) எண்டோ போட்டிருக்கும். அதே பக்கத்தில அவரேஜ் ரெஸ்பொன்ஸ் டைம் எண்டு ஒண்டு இருக்கு, அதையும் பாருங்கோ. எஸ்எஸ்டியில அது ஒரு மில்லிசெக்கன் அளவிலதான் நிக்கும், ஹாட் டிஸ்கில பத்து இருபது, பாரம் கூடினா நூறுக்கு மேலயும் போகும். ஆனா ஆயிரக்கணக்கில போய், டிஸ்க் 100 வீதம் காட்டிக்கொண்டு எழுதுறது பூச்சியம் எண்டு திரும்பத் திரும்ப வந்தா அது இன்ஸ்டோல் பிரச்சினை இல்லை, டிஸ்க் சாகப் போகுது, இல்லாட்டி அதின்ட வயர் லூஸ். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ எண்டு இலவச புரோகிராம் ஒண்டு இருக்கு, அதைப் போட்டுப் பாருங்கோ, நீலத்தில "குட்" எண்டு வந்தா பரவாயில்லை, மஞ்சளில "கோஷன்" எண்டு வந்தா இன்ஸ்டோலை மறந்திட்டு முதல்ல படங்களையும் டொக்கியூமன்டுகளையும் வேற டிஸ்கில எடுத்து வையுங்கோ.

என்னைக் கேட்டா இப்பிடிப்பட்ட லப்டொப்புக்கு வேற எந்த வைத்தியத்தையும் விட ஒரு சாட்டா எஸ்எஸ்டி (பழைய டிஸ்க் இருந்த இடத்திலேயே கொழுவுற வகை) வாங்கிப் போடுறதுதான் திறம். அது செக்கனுக்கு 500 எம்பி அளவில வாசிக்கும், அதை விட முக்கியம் உள்ளுக்க ஊசி எண்ட கதையே இல்லை. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போனா கடை கடையா ஏறி விலை கேக்கலாம், முதல் கடையிலயே வாங்கிப்போடாதேங்கோ, வொரண்டி எத்தினை வருசம் எண்டு பில்லில எழுதி வாங்குங்கோ.

இடமும் ஒரு விசயம். "10 ஜிபி தேவை எண்டு போட்டிருக்கு, எனக்கு 12 ஜிபி இருக்கே" எண்டு பெரியப்பான்ட மகன் சண்டைக்கு வந்தவன். டவுன்லோட் பண்ணின ஃபைல் ஒரு இடம் பிடிக்கும், அதை விரிச்சு டெம்ப் ஃபோல்டரில (தற்காலிகமா வைக்கிற இடம்) வைக்கேக்க இன்னொரு இடம், கடைசியில போய் இருக்கிற இடம் வேற, எல்லாம் ஒரே நேரத்தில சி டிரைவிலதான். டி டிரைவில போடச் சொன்னாலும் விரிக்கிறது கனதரம் சியிலதான். சியில ஒரு 20 ஜிபியாவது சும்மா கிடக்க விடுங்கோ. செட்டிங்ஸில சிஸ்டம், பிறகு ஸ்டோரேஜ் எண்டு போனா டெம்பரரி ஃபைல்ஸ் இருக்கும், அதில தேவையில்லாததைத் தெரிவு செய்து அழியுங்கோ, டவுன்லோட்ஸ் எண்ட பெட்டியை மட்டும் கவனமாப் பாத்துத் தெரிவு செய்யுங்கோ, எல்லாம் போயிடும். அவன்ட மெஷினில பிறகு பாத்தா தங்கச்சின்ட சாமத்தியவீட்டு வீடியோ 40 ஜிபி டெஸ்க்டொப்பிலேயே கிடக்கு, டெஸ்க்டொப்பும் சி டிரைவுக்குள்ளதான் எண்டு அவனுக்கு அண்டைக்குத்தான் தெரியும்.

நெட்டால நிக்கிறது வேற கதை. இப்பவெல்லாம் நீங்கள் டவுன்லோட் பண்ணுறது ரெண்டு மூண்டு எம்பி சின்ன ஃபைல், அது வெறும் தூதுவர், அதைத் தட்டின பிறகுதான் உண்மையான சாமானை நெட்டால இழுக்கத் தொடங்கும். அதால "டவுன்லோட் முடிஞ்சுதே, பிறகேன் நிக்குது" எண்டு கேக்க ஏலாது. டாஸ்க் மனேஜரில நெட்வேர்க் பத்தி பூச்சியத்தில கிடந்தா ரவுட்டரைப் பாருங்கோ, சிம் ரவுட்டர் எண்டா மாதக் கோட்டா முடிஞ்சு வேகம் செத்துப்போய் இருக்கும், அடுக்குமாடி எண்டா ரெண்டு கொங்கிரீட் சுவர் தாண்டி வைஃபை வந்து சேர்றதுக்குள்ள அரை உயிர். லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு ரவுட்டருக்குப் பக்கத்தில போங்கோ, இல்லாட்டி போனில ஹொட்ஸ்பொட் போட்டுப் பாருங்கோ, அதில ஓடினா பிரச்சினை கொம்பியூட்டரில இல்லை. ஆனா ஹொட்ஸ்பொட்டையோ வைஃபையையோ "மீட்டர்ட் கனெக்ஷன்" எண்டு முந்தி ஒருக்கா அமத்தி வைச்சிருந்தா மைக்ரோசொஃப்ட் ஸ்டோரும் அப்டேட்டும் டேட்டாவை மிச்சம் பிடிக்கிறன் எண்டு நிண்டுடும், அதையும் செட்டிங்ஸில பாருங்கோ.

பெரிய சாமான் எண்டா ஓஃப்லைன் இன்ஸ்டோலர், அதாவது முழுச் சாமானும் ஒரேயடியா வாற ஃபைல், தேடுங்கோ. குரோமுக்கு இருக்கு, மைக்ரோசொஃப்ட் ஒஃபிஸுக்கு இருக்கு, கனக்கத்துக்கு அந்தந்தக் கம்பனிப் பக்கத்திலேயே இருக்கும். நைட் டேட்டா இருந்தா இரவில போட்டு விட்டிட்டுப் படுங்கோ, நல்ல ஃபைபர் இருக்கிற கூட்டாளி வீட்டில பென்ட்ரைவில எடுத்தாலும் சரி. பென்ட்ரைவ் ஃபாட்32 எண்ட பழைய முறையில ஃபோர்மட் பண்ணினதெண்டா 4 ஜிபிக்குக் கூடின ஃபைல் ஏறாது, இடம் இருந்தாலும் ஃபைல் பெரிசு எண்டு சொல்லும், எக்ஸ்ஃபாட்டுக்கு ஃபோர்மட் பண்ணினாச் சரி (உள்ள இருக்கிறது எல்லாம் அழியும், முதல்ல கொப்பி எடுங்கோ). வந்த ஃபைல்ட அளவு அந்தப் பக்கத்தில போட்டிருக்கிற அளவோட ஒக்குதா எண்டும் பாருங்கோ, பாதி இறங்கின ஃபைல் தொடங்கும், ஓடும், நடுவில எங்கயோ போய் முட்டிக்கொண்டு நிக்கும். ஜிப் ஃபைல் எண்டா முழுசா விரிச்சுப்போட்டு ஓட்டுங்கோ, ஜிப்புக்குள்ள இருந்தபடியே செட்டப்பைத் தட்டாதேங்கோ.

பழைய டெஸ்க்டொப் வைச்சிருக்கிறவைக்கு ஒரு சின்ன விசயம், மணிக்கூட்டைப் பாருங்கோ. மதர்போர்டில இருக்கிற சிஆர்2032 எண்ட காசு மாதிரி பற்றறி செத்துட்டா பிளக்கைக் கழட்டிப் போடுற ஒவ்வொரு தரமும் திகதி பின்னுக்குப் போயிடும். திகதி பிழை எண்டா பாதுகாப்பு சேர்ட்டிஃபிகேட் எல்லாம் செல்லாது எண்டு நினைச்சு டவுன்லோடை மறிச்சுப் போடும். பற்றறி எந்த மணிக்கூட்டுக் கடையிலயும் இருக்கும்.

அன்டிவைரஸை நிப்பாட்டிப் போட்டு இன்ஸ்டோல் பண்ணுங்கோ எண்டு கனபேர் சொல்லுவினம். எனக்கு அதில விருப்பமில்லை. டாஸ்க் மனேஜரில "அன்டிமல்வெயார் சேர்விஸ் எக்ஸிகியூட்டபிள்" மேல நிண்டா அது விண்டோஸ்ட சொந்தக் காவல்காரன், ஆறுதலாத்தான் பாக்கும், விடுங்கோ. ஆனா அதோட சேர்த்து லப்டொப் வாங்கேக்க வந்த காலாவதியான அன்டிவைரஸும் கிடந்தா ரெண்டும் ஒரே ஃபைலுக்கு அடிபடலாம், காலாவதியானதைக் கழட்டி எறியுங்கோ. கிராக் பண்ணின (பூட்டை உடைச்ச களவு) சாமானோட வாற "முதல்ல அன்டிவைரஸை ஓஃப் பண்ணு" எண்ட துண்டை வாசிச்சா அந்த இடத்திலேயே நிப்பாட்டுங்கோ, கள்ளன் வாற நேரம் நாயைக் கட்டி வை எண்டு கள்ளனே சொல்லுற மாதிரி. ஒஃபிஸ் வாங்கக் காசில்லையெண்டா லிப்ரே ஒஃபிஸ் இலவசமாக் கிடக்கு.

எங்கட ஆக்களுக்கு வாற பிரச்சினை ஒண்டும் இருக்கு. விண்டோஸில யூசர் பேரைத் தமிழில வைச்சிருந்தா சில பழைய இன்ஸ்டோலருக்கு அந்த ஃபோல்டர் பேரை வாசிக்கத் தெரியாது, டெம்ப் ஃபோல்டர் அதுக்குள்ளதானே இருக்கு, தொடங்கின உடன ஒரு சத்தமும் இல்லாமல் செத்துடும். பேரை மாத்தினாலும் ஃபோல்டர் பேர் மாறாது. இங்கிலிஷ் எழுத்தில புதுசா ஒரு அட்மின் யூசர் செய்து, அதுக்குள்ள போய்ப் போடுங்கோ. தமிழ்ப் பேரை அழிக்கத் தேவையில்லை.

இன்னும் விண்டோஸ் 7 வைச்சிருக்கிறீங்களோ? அப்ப மல்லுக்கட்டாதேங்கோ, குரோமே அதில 109ஆவது வெர்ஷனோட நிண்டுட்டுது, புது சாமான்கள் அதில நிக்கிறது நியாயம்தான்.

எல்லாம் பாத்து, ஒரு மணித்தியாலமா ஒரு இலக்கமும் மாறேல்லை எண்டா இனி நிப்பாட்டலாம். முதல்ல கான்சல். கான்சல் பண்ணினா அது போட்டதையெல்லாம் திரும்பக் கழட்டும், கோடு பின்னுக்குப் போகும், அந்த நேரத்திலயும் கை வைக்காதேங்கோ. கான்சலும் கேக்காட்டித்தான் டாஸ்க் மனேஜரில செட்டப்பைத் தெரிவு செய்து எண்ட் டாஸ்க். பிறகு ரீஸ்டார்ட். பிறகு கீபோர்டில விண்டோஸ் திறப்பையும் (விண்டோஸ் படம் போட்ட கீ) ஆர் எழுத்தையும் அமத்தி, வாற பெட்டியில பெர்சன்ட் குறி, டெம்ப் எண்டு இங்கிலிஷில, திரும்பப் பெர்சன்ட் குறி போட்டு என்டர் அடிச்சா டெம்ப் ஃபோல்டர் திறக்கும், உள்ள இருக்கிறதை அழியுங்கோ, அழியாததை விட்டிடுங்கோ. பிறகு செட்டப் ஃபைலைப் புதுசா இறக்கி, ரைட் கிளிக் பண்ணி "ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" எண்டு போடுங்கோ. முந்தினது அரைகுறையாக் கிடந்து கழட்டவும் விடாட்டி, மைக்ரோசொஃப்ட்டில புரோகிராம் இன்ஸ்டோல் அன்ட் அன்இன்ஸ்டோல் ட்ரபிள்ஷூட்டர் எண்டு ஒரு சின்ன இலவச சாமான் இருக்கு, அது இந்த மிச்ச சொச்சத்தைத் துடைச்சு விடும்.

விண்டோஸ் அப்டேட்டே நீலத் திரையில நிண்டா மட்டும் கணக்கு வேற. அங்க டாஸ்க் மனேஜர் இல்லை, டிஸ்க் லைட் மினுங்குதா எண்டதுதான் ஒரே சாட்சி. ஹாட் டிஸ்க் மெஷின் எண்டா இரவு முழுக்க விட்டிட்டுக் காலமை பாருங்கோ. கரண்ட் விசயத்தையும் யோசிச்சுத் தொடங்குங்கோ, 2022ல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்து பழகின ஊர் இது, 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை பாணந்துறையில குரங்கு ஒண்டு ட்ரான்ஸ்ஃபோமரில பட்டு நாடு முழுக்கக் கரண்ட் போனது. டெஸ்க்டொப் எண்டா யூபிஎஸ் இல்லாமல் பெரிய அப்டேட்டைத் தொடங்காதேங்கோ, லப்டொப் எண்டா பற்றறி நிறைஞ்ச பிறகு சார்ஜரையும் கொழுவிக்கொண்டு தொடங்குங்கோ.

இவ்வளவுக்கும் பிறகும் சரிவராட்டி எனக்கோ வேற ஆருக்கோ கோல் எடுக்க முதல் போனில மூண்டு படம் எடுங்கோ: நிண்ட இன்ஸ்டோல் திரை, டாஸ்க் மனேஜர், சி டிரைவில இருக்கிற மிச்ச இடம். பிழை இலக்கம் வந்தா அதை அப்பிடியே எழுதி வையுங்கோ, "ஏதோ எரர் எண்டு வந்தது" எண்டு சொன்னா ஆராலயும் ஒண்டும் செய்ய ஏலாது. கடையில குடுக்கிறதெண்டா அவையள் சொல்லுற முதல் வைத்தியம் ஃபோர்மட்தான், அவையளுக்கு அது லேசு. குடுக்க முதல் சாமத்தியவீட்டு வீடியோவை வேற டிஸ்கில எடுத்து வையுங்கோ.